சப்ளையர் வாயில் இருக்கும் மெனு: பெருந்துறை மெஸ் ஒன்றின் விலைப்பட்டியலைத் திருத்திய அனுபவம்

பெருந்துறை புறவழிச்சாலையை ஒட்டி, கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் ஓர் அசைவ மெஸ். நாற்பது பேர் உட்காரலாம். மதியம் இலைச் சாப்பாடு. இரவில் பரோட்டா, தோசை, கறி வகைகள். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருபவர்கள், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பவர்கள், சேலத்துக்கும் கோவைக்கும் நடுவே காரை நிறுத்துபவர்கள், வார இறுதியில் ஈரோட்டிலிருந்து குடும்பத்தோடு வருபவர்கள் என்று கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. அப்படியிருந்தும் மாதக் கடைசியில் கறிக்கடைக்குப் பாக்கி, மளிகைக்குப் பாக்கி.

சிறு உணவகங்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். "தம்பி, கல்லா நிறைகிறது, கை நிறையவில்லை. எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று உரிமையாளர் அண்ணன் கேட்டதில் தொடங்கியது இந்த வேலை. பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னதால் அதைத் தவிர்த்திருக்கிறேன். கணக்கு எளிதாகப் புரியத் தொகைகளை முழு ரூபாயாக்கி எழுதியிருக்கிறேன்.

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவதைத்தான் நானும் சந்தேகப்பட்டேன். கல்லாவில் கை வைக்கிறார்களா, கொள்முதலில் எடை குறைகிறதா என்று இரண்டு வாரம் பில்லையும் பணத்தையும் ஒப்பிட்டேன். அப்படி எதுவும் இல்லை. ஒழுகிய இடம் விலைப்பட்டியல். பிளாஸ்டிக் உறை போட்ட அந்த அட்டையில் 72 பெயர்கள் இருந்தன. பள்ளிபாளையம் சிக்கனுக்குப் பக்கத்தில் பன்னீர் பட்டர் மசாலா, அதன் கீழே ஷெஸ்வான் நூடுல்ஸ், அதற்கும் கீழே இடியாப்பம் பாயா. யாராவது வந்து "இது இல்லையா?" என்று கேட்ட போதெல்லாம் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. சேர்ந்த வரி ஒன்றுகூட நீங்கியதில்லை.

ஒரு நாள் காலையில் அண்ணனின் மனைவியான அக்காவோடு சேர்ந்து குளிர்பெட்டியைக் காலி செய்தோம். பாதி பிரித்து ரப்பர் பேண்ட் போட்ட கிரீம் பாக்கெட்டுகள் மூன்று. தோல் சுருங்கிய குடைமிளகாய் ஒரு கிலோவுக்கு மேல். ஓரம் மஞ்சளடித்த பன்னீர். சாஸ் புட்டிகள் நான்கு, நான்கிலும் பாதி. மாதத்துக்கு ஐம்பது தட்டுக்கூடப் போகாத ஆறு உணவுகளுக்காக வாங்கி வைத்தவை இத்தனையும். அந்தக் கிரீமை வேறெந்தக் குழம்பிலும் ஊற்ற முடியாது. சின்ன வெங்காயம் அப்படியில்லை. பள்ளிபாளையத்துக்கும் அதுதான், நாட்டுக்கோழிக் குழம்புக்கும் அதுதான், மறுநாள் சாம்பாருக்கும் அதுதான். மூன்று உணவுக்காவது பயன்படாத பொருள் இனிமேல் குளிர்பெட்டிக்குள் வரக்கூடாது என்று அக்கா அங்கேயே முடிவு செய்தார். பட்டியலில் பதினான்கு வரிகள் அந்த ஒரு முடிவில் போய்விட்டன.

அடக்க விலை

அண்ணனிடம் ஒரு கணக்கு இருந்தது. பொருளின் விலையைப்போல் மூன்று மடங்கு வைத்து விற்றால் நட்டம் வராது என்பது அது. பல ஓட்டல்களில் இதே கணக்குதான். ஆனால் மூன்றால் பெருக்குவதற்கு முன்னால் அந்த ஒன்று சரியாக இருக்க வேண்டுமே.

நான் பார்த்த நாளில் உயிர்க்கோழி கிலோ 140 ரூபாய். 2 கிலோ கோழி 280 ரூபாய். இறகு, தோல், குடல், தலை, கால் எல்லாம் போக நின்ற கறி 1.4 கிலோ. ஆக, கறி கிலோ 200 ரூபாய். அண்ணனோ இத்தனை ஆண்டும் உயிர் எடை விலையை வைத்தே கணக்குப் போட்டிருந்தார். 200 கிராம் கறிக்கு 28 ரூபாய் என்று அவர் நினைத்திருக்க, உண்மையில் 40 ரூபாய் போய்க்கொண்டிருந்தது.

அந்த 200 கிராமும் 200 கிராமாக இல்லை. ஒரே உணவின் பத்துத் தட்டுகளை வரிசையாக எடை போட்டோம். குறைந்த தட்டில் 165 கிராம், கூடிய தட்டில் 240. சரக்கு மாஸ்டரின் முகம் வாடிவிட்டது. ஊரே புகழும் கைப்பக்குவத்துக்குப் பக்கத்தில் தராசைக் கொண்டுவந்து வைத்தால் எவருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். அதனால் தராசை அடுப்பிலிருந்து எடுத்துவிட்டோம். காலையில் கறி வெட்டும் இடத்திலேயே 200 கிராம் வீதம் சிறு டப்பாக்களில் பிரித்து வைக்கிறார்கள். மாஸ்டர் டப்பாவைக் கவிழ்த்தால் போதும். அளவு வெட்டுமேசையோடு முடிந்துவிடுகிறது. பக்குவம் முழுக்க அவர் பொறுப்பு.

பள்ளிபாளையம் சிக்கனின் கணக்கை முழுமையாகச் சொல்கிறேன். பள்ளிபாளையம் என்பது ஈரோட்டுக்கு எதிரே, காவிரிக்கு அக்கரையில் இருக்கும் ஊர். அந்த ஊர்ப் பக்குவத்தில் மசாலாப் பொடி கிடையாது, தக்காளி கிடையாது. கிள்ளி விதை உதறிய வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், அவ்வளவுதான். கோழி தன் நீரிலேயே வெந்து, கடைசியில் எண்ணெய் பிரிந்து, மிளகாய் கருஞ்சிவப்பாகத் திரும்பும்போது இறக்க வேண்டும். இந்த மெஸ்ஸில் அது கொஞ்சம் கொஞ்சமாக வழி மாறி, குடைமிளகாயும் கரம் மசாலாவும் சேர்ந்த ஏதோ ஒன்றாகியிருந்தது. ஈரோட்டுக்காரர்கள் ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பழைய பக்குவத்துக்குத் திரும்பியபோது வந்த கணக்கு இது: கறி 40 ரூபாய், சின்ன வெங்காயம் 4, வரமிளகாய் 4, தேங்காய் 3, எண்ணெய் 5, மற்றவை 1, எரிவாயு 4. மொத்தம் 61. விற்கும் விலை 180. மிச்சம் 119 ரூபாய்.

எரிவாயுவைப் பலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் வரியை விட்டுவிடுகிறார்கள். 19 கிலோ வணிக சிலிண்டருக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவகங்கள் வாடிக்கையாளரிடம் வாங்குவது 5 சதவீதம். அதற்கு ஈடாக, உள்ளே வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை இல்லை. சிலிண்டர், பார்சல் டப்பா, வாடகை என எதற்கு வரி கட்டினாலும் அது நம் செலவுதான். ஆகவே அடக்கம் பார்க்கும்போது வரியோடு சேர்த்த விலையைத்தான் எழுத வேண்டும்.

பரோட்டாவில் கிடைத்த அதிர்ச்சி வேறு வகை. இரண்டு பரோட்டா 30 ரூபாய்க்குப் போகிறது. மைதா, எண்ணெய், விறகு, மாஸ்டர் கூலியில் ஒரு பங்கு எல்லாம் சேர்த்து 12 ரூபாய் அடக்கம். 18 ரூபாய் நிற்கிறது என்று அண்ணன் நிம்மதியாக இருந்தார். ஓர் இரவு முழுவதும் மேசைகளுக்குப் பக்கத்தில் நின்று சால்னாக் கரண்டியை எண்ணினேன். இரண்டு பரோட்டாவுக்குச் சராசரியாக மூன்று கரண்டி. எலும்பும் தேங்காயும் கசகசாவும் போட்டுக் கொதித்த சால்னா ஒரு கரண்டிக்கு 3 ரூபாய் ஆகிறது. 18 என்று நினைத்தது 9 ஆகிவிட்டது.

சதவீதமும் ரூபாயும்

முட்டைப் பொடிமாஸ் அடக்கம் 18, விலை 50. அடக்கம் விலையில் 36 சதவீதம். நாட்டுக்கோழிக் குழம்பு அடக்கம் 110, விலை 220. சரியாக 50 சதவீதம். மூன்று மடங்கு சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பொடிமாஸ் நல்ல பிள்ளை, நாட்டுக்கோழி கெட்ட பிள்ளை. அதனாலேயே அண்ணன் நாட்டுக்கோழியை அட்டையின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளி, "கேட்டால் மட்டும் கொடு" என்று சொல்லி வைத்திருந்தார். அதை 330 ரூபாய்க்கு விற்க இந்தச் சாலையில் முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

வாடகையையும் கூலியையும் மின் கட்டணத்தையும் ரூபாயில்தான் கட்டுகிறோம். ஒரு பொடிமாஸ் விற்றால் 32 ரூபாய் நிற்கிறது. ஒரு நாட்டுக்கோழிக் குழம்பு விற்றால் 110 ரூபாய் நிற்கிறது. நாற்காலி ஒன்றுதான், அதில் உட்காருபவர் எடுத்துக்கொள்ளும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது அண்ணன் வெகுநேரம் பேசவில்லை.

1982இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கசவானாவும் டொனால்ட் ஸ்மித்தும் வகுத்துக் கொடுத்த முறை இதையே ஒழுங்காகச் செய்கிறது. ஒவ்வோர் உணவுக்கும் இரண்டே கேள்விகள். எத்தனை போகிறது? ஒன்று போனால் எத்தனை ரூபாய் நிற்கிறது? போக்குக்கு அவர்கள் வைத்த அளவுகோல், சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் வரும் பங்கில் 70 சதவீதம். மிச்சத்துக்கு அளவுகோல், அந்த வரிசையின் சராசரி.

மாவில் செய்வதைத் தனியாகவும், கறி, சாத வகைகளைத் தனியாகவும் பிரித்துக்கொண்டோம். பரோட்டாவைக் கறியோடு ஒரே வரிசையில் நிறுத்தினால் கணக்கு பொய் சொல்லும். கறி, சாத வரிசையில் அப்போது 20 உணவுகள், மாதத்துக்கு 2,000 தட்டுகள். சம பங்கு 5 சதவீதம். அதில் 70 சதவீதம் என்றால் 3.5. ஆகவே 70 தட்டுக்கு மேல் போனால் நன்றாகப் போகிறது என்று கொள்ளலாம். சராசரி மிச்சம் 62 ரூபாய். பள்ளிபாளையம் 210 தட்டு போய், 119 ரூபாய் வைத்தது. அதை நட்சத்திரம் என்கிறார்கள். பொடிமாஸ் 260 தட்டு போய் 32 ரூபாய் வைத்தது. இந்த வகைக்கு உழவுக்குதிரை என்று பெயர். காங்கேயம் மாட்டைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு உழவு மாடு என்றால்தான் மனதில் நிற்கிறது. நாட்டுக்கோழிக் குழம்பு 52 தட்டுதான் போனது, ஆனால் 110 ரூபாய் வைத்தது. அது புதிர். போகவும் போகாமல் பணமும் வைக்காமல் இருப்பவை நான்காவது வகை. அவற்றை எடுத்துவிடச் சொல்கிறது முறை.

அட்டையை யார் படிக்கிறார்கள்?

மெனு அட்டையை எப்படி அச்சடிக்க வேண்டும் என்று எழுதியவர்கள் ஏராளம். 2009இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விலையோடு டாலர் குறியோ டாலர் என்ற சொல்லோ இல்லாமல் எண்ணை மட்டும் பார்த்தவர்கள் கூடுதலாகச் செலவு செய்ததைக் கண்டார்கள். நானும் அட்டையை எப்படி மாற்றலாம் என்று வரைந்து கொண்டுதான் போனேன். இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்த பிறகு அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அட்டையைக் கையில் எடுத்தவர்கள் காரில் வந்த வெளியூர்க்காரர்கள் மட்டுமே. மற்ற அத்தனை பேரும் இலை விழுந்ததும் நிமிர்ந்து "என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். சப்ளையர் ஒரே மூச்சில் சொன்னார்: "பரோட்டா, கல்தோசை, முட்டைத்தோசை, கொத்துப் பரோட்டா, பொடிமாஸ், ஆப்பாயில், சில்லி." ஏழு பெயர்கள். 72 பெயர் கொண்ட மெஸ்ஸின் உண்மையான மெனு அந்த ஏழுதான். அது அச்சகத்தில் இல்லை, சப்ளையர் வாயில் இருந்தது.

ஏன் அந்த ஏழு என்று ஒரு சப்ளையர் தம்பியிடம் கேட்டேன். "இதெல்லாம் சொன்னவுடனே வந்துவிடும் அண்ணா. நாட்டுக்கோழி சொன்னால் இருபது நிமிடம் ஆகும், அதுவரை என்னைத்தான் திட்டுவார்கள்" என்றார். முழுக்க நியாயமான பதில். சமையலறையின் தாமதத்தைச் சப்ளையர் தன் நாவால் ஈடுகட்டிக்கொண்டிருந்தார். நாட்டுக்கோழி போகாததற்கு விலை காரணமே இல்லை.

அதன் பிறகு செய்தவை எளிமையானவை. நாட்டுக்கோழிக் குழம்பை மாலை ஆறு மணிக்கே பெரிய சட்டியில் வைத்து முடித்துவிடுவது. இரவில் அளந்து ஊற்றிச் சூடாக்கினால் போதும். நான்கு சப்ளையர்களையும் உட்காரவைத்து, பட்டியலில் எஞ்சிய அத்தனை கறியையும் இலை போட்டுப் பரிமாறினார் அக்கா. அங்கே இரண்டு வருடம் வேலை செய்தவர்கூட அதுவரை நாட்டுக்கோழிக் குழம்பை ருசித்ததில்லை. ருசிக்காததை எப்படிப் பரிந்துரைக்க முடியும்? பிறகு சொல்லும் வரிசையை மாற்றினோம்: பள்ளிபாளையம், நாட்டுக்கோழி, பரோட்டா, கல்தோசை, பிறகு மற்றவை. விலை கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் 150 ரூபாய்க்கு மேலான உணவுக்கு விலையைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மருத்துவமனையிலிருந்து எண்ணி எடுத்து வந்த பணத்தோடு சாப்பிட வருகிறவரைப் பில்லில் திடுக்கிட வைத்து வரும் லாபம் எனக்கு லாபமாகத் தெரியவில்லை.

சால்னாவில் கை வைக்கலாமா என்ற பேச்சும் வந்தது. இரண்டாவது கரண்டிக்குக் காசு என்று சொன்னால் சிப்காட் கூட்டம் மறுநாளே எதிர்க்கடைக்குப் போய்விடும். போவதில் தவறும் இல்லை. அதற்குப் பதிலாகப் பள்ளிபாளையத்தில் அரைத் தட்டு கொண்டுவந்தோம். 100 கிராம் கறி, விலை 100 ரூபாய், அடக்கம் 32, மிச்சம் 68. முழுத் தட்டு 180 என்பதால் தயங்கிய தனி ஆள், இரண்டு பரோட்டாவும் அரைத் தட்டும் 130 ரூபாய்க்குத் திருப்தியாகச் சாப்பிட்டுப் போகிறார். தட்டில் கறி இருப்பதால் சால்னாவும் தானாகக் குறைந்தது.

நான் செய்த தவறு

நான்காவது வகையில் அரிசியும் பருப்பும் சாதம் இருந்தது. மாதம் 58 தட்டு, மிச்சம் 36 ரூபாய். இரண்டு அளவுகோலிலும் கீழே. நூடுல்ஸோடு சேர்த்து அதையும் அடித்துவிடச் சொன்னேன். அக்கா ஒப்பவில்லை. "நம் ஊர்ச் சாப்பாடு, இருந்துவிட்டுப் போகட்டுமே" என்றார். கணக்கைக் காட்டி வாயடைத்தேன்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை இரவு நான் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மாதம் இரண்டு முறையாவது வரும் குடும்பம், ஏழு பேர், இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கூட வந்த பெரியவர் சனிக்கிழமை அசைவம் தொடாதவர். அரிசியும் பருப்பும் கேட்டார். இல்லை என்றதும் தயிர்ச் சாதம் கேட்டார். அதுவும் அந்நேரம் தீர்ந்திருந்தது. தோசை சாப்பிடுங்கள் என்று மகன் சொல்லிப் பார்த்தார். பெரியவர் ஒன்றும் கோபப்படவில்லை, "நீங்கள் சாப்பிடுங்கள் சாமி, எனக்குப் பசியில்லை" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு எந்த மருமகள் உட்கார்ந்து நாட்டுக்கோழி சாப்பிடுவாள்? தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஏழு பேரும் எழுந்து போனார்கள். அண்ணன் வாசல்வரை போய் மன்னிப்புக் கேட்டார். அக்கா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

அன்றிரவே பழைய பில்களை எடுத்தேன். அந்த 58 தட்டும் 41 பில்களில் போயிருந்தன. 33 பில்களில் நாலு பேருக்கு மேல் சாப்பிட்டிருந்தார்கள். அவற்றில் பள்ளிபாளையமும் நாட்டுக்கோழியும் மூன்று நான்கு தட்டுகள் இருந்தன. 36 ரூபாய் மிச்சம் வைக்கும் சாதம், ஒவ்வொரு முறையும் நானூறு ஐந்நூறு ரூபாய் மிச்சத்தைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்திருக்கிறது. தட்டுத் தட்டாகப் பார்க்கும் முறைக்கு அது தெரியாது, பில் பில்லாகப் பார்த்தால்தான் தெரியும். ஓர் உணவை எடுப்பதற்கு முன் அதோடு கூட என்ன போனது என்று பார்ப்பதை இப்போது எந்தக் கடையிலும் நான் தவறவிடுவதில்லை. குடும்பமாகச் சாப்பிட வரும் ஊரில், வீட்டில் மூத்தவர் எதைச் சாப்பிடுவார் என்பதே மேசையைத் தீர்மானிக்கிறது.

மறுநாளே அது திரும்பி வந்தது. இம்முறை ஊத்துக்குளி நெய் ஒரு கரண்டி, அப்பளம், ஒரு கிண்ணம் தயிரோடு. அடக்கம் 44, விலை 90. சனிக்கிழமையும் அமாவாசையும் கிருத்திகையும் கட்டாயம் இருக்கும்.

பலகை

கறிக்கோழியின் பண்ணை விலை பல்லடத்திலும், முட்டை விலை நாமக்கல்லிலும் நிர்ணயமாகிறது. இரண்டும் நிலையாக நிற்பதில்லை. சின்ன வெங்காயம் வரத்தைப் பொறுத்து ஒரே வருடத்துக்குள் பல மடங்கு ஏறி இறங்கும். 2025இல் கொப்பரை ஏறிய ஏற்றத்தைக் காங்கேயம் பக்கத்தில் எல்லோரும் பார்த்தார்கள். இந்த விலைகளை நம்பி ஆறு மாதத்துக்கு ஓர் அட்டை அச்சடிப்பது கையைக் கட்டிக்கொள்வதுதான். ஆகவே அட்டையில் 28 பெயர்கள். வாசலில் கரும்பலகையில் ஆறு. குடல், தலைக்கறி, இரத்தப் பொரியல் போன்றவை கிடைக்கும் நாளில் மட்டும் பலகையில் ஏறும். புரட்டாசியில் பலகை முழுக்க மாறும். அதே வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லோடு காளான் பள்ளிபாளையம் போன புரட்டாசியில் நன்றாகவே போனது. அதற்காகப் புதிதாக வாங்கியது காளான் மட்டும்தான்.

பார்சலுக்குத் தனியாக அடக்கம் போட்டிருக்கிறோம். டப்பா, பை, கூடுதல் குழம்பு எல்லாம் சேரும். அதில் சொல்ல அதிகமில்லை.

ஆறு மாதம் கழித்து அதே கறி, சாத வரிசையைக் கணக்கெடுத்தேன். தட்டுகள் 2,000இலிருந்து 1,900 ஆகக் குறைந்திருந்தன. சராசரி மிச்சம் 62இலிருந்து 76 ஆகியிருந்தது. 1,24,000 ரூபாய் நின்ற இடத்தில் 1,44,400. கறிக்கடைப் பாக்கி இப்போது வாரத்துக்கு வாரம் தீர்கிறது. நாட்டுக்கோழி 52இலிருந்து 130 தட்டைத் தாண்டிவிட்டது.

மதியச் சாப்பாட்டை இன்னும் தொடவில்லை. 100 ரூபாய்க்கு அளவில்லாத சாதம், சாம்பார், பச்சைப்புளி ரசம், இரண்டு பொரியல், கூட்டு, கறிக்குழம்பு. சாப்பிட்டு மடித்த இலைகளை ஒரு நாள் பிரித்துப் பார்த்ததில், இரண்டாவது பொரியல்தான் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. அதை நிறுத்திவிடலாம் என்கிறார் அண்ணன். இரண்டு பொரியல் இல்லாத இலை இலையே இல்லை என்கிறார் அக்கா. இம்முறை நான் எதையும் சொல்லவில்லை. பீட்ரூட்டை மாற்றிக் கொள்ளுப் பொரியலும் முருங்கைக்கீரையும் ஒரு வாரம் போட்டுப் பார்ப்பது, தினமும் திரும்பி வருவதை எடை போட்டு எழுதுவது என்று முடிவாகியிருக்கிறது. திங்கட்கிழமை தொடங்குகிறோம்.